எப்ப எடுக்கிய

"எப்பம்மா எடுக்கிய?" இந்த வாயிலிருந்துதான் வந்துச்சு, வேற யாரைக் குத்தம் சொல்ல. போன்ல அந்தப் பக்கம் ஜெயசுதா. ஐ.சி.யூ. வாசல்ல நிக்கா. உள்ள அவ புருஷன் சேர்மதுரை நெஞ்சுக்குள்ள பெரிய ரத்தக்குழாய் கிழிஞ்சு கெடக்கான். அவகிட்டப் போயி, எப்பம்மா எடுக்கிய. ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி எப்ப எடுக்கியன்னுதான் கேக்க வந்தேன். வண்டிங்கற சொல்லை விட்டுட்டேன். ஒத்தைச் சொல்லு. அதை விட்டா மிச்சம் நிக்கது என்ன கேள்வின்னு எங்க பக்கத்துல சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். சாவு வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டிக்கிட்டே, குரலைத் தாழ்த்தி, முன்னால நிக்கவன்கிட்டக் கேப்பாவ, எப்ப எடுக்கிய. வெளியூர்ல இருந்து ஆள் வரணுமா, இன்னைக்கே எடுத்துருவியளா. அதே கேள்வி, அதே ராகம். நானும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டேன், நர்ஸுக குரல் பாழாப்போன குரல், எதைச் சொன்னாலும் தாழ்த்தித்தான் வரும். அவ மூச்சு மட்டும் கேட்டுச்சு, அப்புறம் அதுவும் கேக்கலை. திருப்பிக் கூப்பிட்டா போனை அணைச்சு வச்சிருக்கதா ஒருத்தி தமிழ்ல சொல்லுதா, அப்புறம் இங்கிலீஷ்ல சொல்லுதா. அவ குரல்லயாவது ஒரு பதட்டம் இருக்கா பாரு. அமலோற்பவம், உனக்கு இது வேணும். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தேல்ல.

பாடம் எடுத்தேன். அதுலயும் எடுத்தேன்தான் வருது, சனியன். எங்க ஏர் ஆம்புலன்ஸ் ஆபீஸ்ல அந்தச் சொல்லைத் தடை பண்ணினதே நான்தான். நோயாளி வீட்டுக்காரவகிட்ட எடுத்தாச்சா, எடுக்கிய, எடுப்பிய, எதுவும் வாயில வரக் கூடாது, கிளம்பியாச்சான்னு கேளுங்க, புறப்பட்டாச்சான்னு கேளுங்கன்னு ஒவ்வொருத்தரா உக்கார வச்சுச் சொன்னேன். டிரைவர் இசக்கிப்பாண்டி சிரிச்சான். "சிஸ்டர், அப்போ ஸ்கேன் எடுத்தாச்சான்னு எப்படிக் கேக்கது"ன்னான். பார்த்தாச்சான்னு கேளுன்னேன். "போன் எடுக்கலைன்னா?" பேசலைன்னு சொல்லு. "பசி எடுத்தா?" போயித் தின்னு, என்கிட்ட எதுக்குச் சொல்லுதேன்னேன். எல்லாரும் சிரிச்சாவ, டாக்டர் மகிழ்நனும் சிரிச்சாரு, நானும் சிரிச்சேன். ஆனா அன்னைலேருந்து காது அந்தச் சொல்லுக்குன்னே திறந்து கெடக்கு. படம் எடுக்காவ, பல் எடுக்காவ, லீவு எடுக்காவ, குழாயில தண்ணி எடுக்காவ, பஸ்ஸை எடுப்பான்னு கத்துதாவ, ஊரே எடுத்துக்கிட்டுத்தான் இருக்கு. நான் மட்டும் ஒவ்வொரு தடவையும் யாரு வீட்டுலன்னு திரும்பிப் பார்ப்பேன். இன்னொரு சட்டமும் போட்டேன், வண்டியில நோயாளி ஏறிட்டா டிரைவர் போன்ல பேசவே கூடாதுன்னு. அதனால இப்போ சேர்மதுரையை ஏத்தி வரப் போயிருக்க இசக்கிப்பாண்டியும் பேச மாட்டான். மத்த நாளு சொன்ன பேச்சு ஒண்ணும் கேக்க மாட்டான், இன்னைக்குக் கேப்பான்.

நான் நிக்கது ஏர்போர்ட்டோட பக்கவாட்டுக் கேட்ல. பயணிகள் போற வாசல் இல்ல, சரக்கு வண்டி போற வாசல், எங்களுக்கு இதைத்தான் குடுத்திருக்காவ. கேட்டுக்கு அந்தப் பக்கம் எங்க பிளேன் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்குது. உள்ள டாக்டர் மூச்சு மெஷினைப் போடுதாரு, அணைக்காரு, மறுபடி போடுதாரு. இந்த ஏர் ஆம்புலன்ஸே அவர் ஆரம்பிச்சதுதான், இன்னைக்கு வரதுதான் முதல் நோயாளி, அவருக்கும் கை காலு ஓடலை. சென்னைல ஆபரேஷன் பண்ற டாக்டர் கை கழுவிக் காத்திருக்காரு. இன்னைக்கு ராத்திரிக்குள்ள தைச்சாத்தான் அந்தக் குழாய் நிக்கும், ரோட்டுல கொண்டு போனா குலுங்குற குலுக்கல்ல முழுசா விட்டுரும். சூரியன் பாளையங்கோட்டைப் பக்கம் சாயுது, ஓடுபாதைக்கு அங்கிட்டு உடைமர நிழல் நீண்டுக்கிட்டே வருது. வெளிச்சம் போச்சுன்னா இங்க ஏறவும் முடியாது இறங்கவும் முடியாது, அவ்வளவு சின்ன ஏர்போர்ட். கேப்டன் நம்பியார் ஒரு தடவை நடந்து வந்து பார்த்துட்டுப் போனாரு. "சிஸ்டர், லைட் போனால் எடுக்கான் பற்றில்லா"ன்னாரு, பாதி மலையாளம், எடுக்க முடியாதாம். அவருக்கும் அந்தச் சொல்லுதான் கெடைச்சுது. கேட்ல காவலுக்கு நிக்க வடக்கத்திக்காரன் என்னைப் பார்த்து "வரும்?"னான். அவனுக்குத் தெரிஞ்ச தமிழே அவ்வளவுதான் போல. வரும்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி "வரும்?"னான். ஏலே, எனக்குத் தெரிஞ்சா சொல்ல மாட்டேனா.

ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுப் பார்த்தேனே. வார்டுல ஒரு பொண்ணு பேசுனா. சேர்மதுரைன்னு சொன்ன உடனே "கொண்டு போயிட்டாங்க சிஸ்டர்"னு சொல்லி வச்சுட்டா. எங்கட்டி கொண்டு போனாவ. இங்கயா, வீட்டுக்கா. அதைச் சொல்ல ஒரு சொல்லு போதும், அவளும் ஒத்தைச் சொல்லைத்தான் விட்டுட்டா. கொண்டு போறதுன்னா ரெண்டுதான் எங்க ஊர்ல. ஒண்ணு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறது. இன்னொண்ணு, வீட்டுக்குக் கொண்டு போயிருங்கன்னு டாக்டர் சொல்லிக் கொண்டு போறது, அப்படின்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம், கடைசியா வீட்டுக் கூரையைப் பார்க்கட்டும்னு அர்த்தம். காலைல சேர்மதுரையோட அண்ணன் பேசினது எனக்குப் போன்லயே காதுல கேட்டுச்சே. "பிளேனு கிளேனுன்னு எதுக்கு அலைக்கழிக்கணும், மரியாதையா வீட்டுக்குக் கொண்டு போயிருவோம்"னான். ஜெயசுதாதான் ஒத்தையா நின்னு, முடியாதுன்னா. "அவுகளைக் கூட்டிட்டுப் போயே தீருவேன்"னா. அந்தப் பிள்ளை ஒரு நூலைப் பிடிச்சுத் தொங்கிட்டிருந்துது. அந்த நூல்ல நான் கத்தியை வச்சுட்டேன். எப்பம்மா எடுக்கிய. பிளேன்காரவளே கேட்டுட்டா, அவளுக்கு எல்லாம் தெரியும், நமக்குத்தான் யாரும் சொல்லலைன்னு நினைச்சிருப்பா. சரின்னு சொல்லியிருப்பா அண்ணன்காரன்கிட்ட. இப்போ அந்தத் தெருவுல வண்டி திரும்பிட்டிருக்கும். யாராவது சேர் எடுத்துப் போட ஓடுவாவ.

சேர். அதை நினைக்கக் கூடாதுன்னு பார்த்தேன், நினைச்சாச்சு. நாங்க திரும்பி வந்தபோது எங்க தெருவுல சேர் போட்டிருந்துது. பச்சை பிளாஸ்டிக் சேர், ரெண்டு பக்கமும், நடுவுல வண்டி வரதுக்கு வழி விட்டு. எங்க வீட்டுக்காரரு கஸ்பாரைக் கூட்டிட்டு வந்த அன்னைக்கு. கஸ்பார்னு இப்பத்தான் பேர் சொல்லுதேன், இருக்கும்போது ஒரு நாளும் சொன்னதில்லை, இங்க பாருங்க, கேட்டியளா, அவ்வளவுதான். ஹார்பர்ல கிரேன் ஓட்டினாவ. அந்த உசரத்துல கால் ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்க மனுஷனுக்கு, தரையில நிக்கும்போது நெஞ்சைப் பிடிச்சுது. எங்க ஊர் டாக்டர் பார்த்துட்டு என்னைக் கூப்பிட்டு, "மதுரைக்குக் கொண்டு போயிப் பாருங்க சிஸ்டர்"னாரு. நான் பிரசவ வார்டு நர்ஸு. எனக்கு நெஞ்சு மெஷினு, நேர்கோடு வளைகோடு எல்லாம் படிக்கத் தெரியும், ஆனா அன்னைக்கு நான் அந்தப் பக்கமே திரும்பலை. அவிய காலைத்தான் பார்த்துட்டு இருந்தேன். வண்டி குலுங்கக் குலுங்கப் போர்வை விலகி விலகி வலது கால் கட்டைவிரல் வெளிய வந்துக்கிட்டே இருந்துது. நான் மூட, அது வெளிய வர, நான் மூட. எட்டயபுரத்துக்கிட்ட, ஒரு மாட்டு வண்டிக்காக எங்க வண்டி நின்னுது. அப்பத்தான் போன் அடிச்சுது. மதினி. கஸ்பாரோட அக்கா செலஸ்தீனா. காலைல ஆஸ்பத்திரிக்கு வந்துட்டு வீட்டுக்குப் போயிருந்தா. போன்ல எடுத்த எடுப்புல, "ஏட்டி அமலி, எப்ப எடுக்கிய?"ன்னு கேட்டா.

கத்தினேன். அப்படி ஒரு சத்தம் என் வாயிலிருந்து அதுக்கு முன்னாலயும் வரலை, பின்னாலயும் வரலை. உன் தம்பிக்கு உசுரு இருக்குடி, உசுரோட இருக்க மனுஷனை எப்ப எடுக்கியன்னு கேக்கியே நீ மனுஷியா. மதினியை டி போட்டுச் சொன்னேன், வயசுல எவ்வளவு மூத்தவ. வச்சுட்டேன். குனிஞ்சு பார்த்தா கட்டைவிரல் வெளிய கெடந்துது. தொட்டேன், சில்லுன்னு இருந்துது. ஏசி காத்துன்னு நினைச்சேன். பந்தல்குடி தாண்டினதும் கூட வந்த நர்ஸு பையன் என்னைப் பார்க்காம ஜன்னலைப் பார்த்தான், நானும் ஜன்னலைப் பார்த்தேன், வெளிய வெறும் கரிசக்காடு. அவ கேட்டதுனாலதான்னு அப்பவே மனசுல விழுந்துருச்சு. சொல்லு போயி அவியளைத் தேடிப் பிடிச்சுக்கிட்டு வந்துருச்சு. இல்லைன்னா அருப்புக்கோட்டை தாண்டியிருப்போம், மதுரை போயிருப்போம். அடக்கத்துல மதினி என் தோள்ல கை வச்சா, தட்டி விட்டேன். அதோட பேச்சு கிடையாது. கோயில்ல அவ இடது பக்கம் உக்காந்தா நான் வலது பக்கம். பூசை முடிஞ்சு அவ என்னைப் பார்ப்பா, நான் மாதா சுரூபத்தைப் பார்ப்பேன். நல்லவதான், பாவம், ஒரு பொய் சொல்லத் தெரியாது அவளுக்கு. பொய் சொல்லணும்னா முதல்ல ஒரு இருமல் வரும், கஸ்பார் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாவ. "அக்கா இருமிட்டா, இனி வரது பூராவும் புருடா." அவ்வளவு நல்லவ ஏன் அப்படிக் கேட்டா. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

பிளேன் இருந்திருந்தா. இந்த ஒரு வரியை வச்சுத்தான் இவ்வளவு காலமும் எந்திரிச்சு உக்காந்திருக்கேன். பிளேன் இருந்திருந்தா எட்டயபுரம் கிடையாது, மாட்டு வண்டி கிடையாது, போன் கிடையாது, மேலே போயிட்டா யாரும் எதையும் கேக்க முடியாது. டாக்டர் மகிழ்நன் இப்படி ஒண்ணு ஆரம்பிக்கப் போறேன், தரையில நின்னு எல்லாத்தையும் பார்த்துக்க ஒரு ஆள் வேணும்னு சொன்னபோது, சம்பளம் என்னன்னு கேக்காம வேலையை விட்டுட்டு வந்தேன். ஊர்ல கேலி. ஆட்டோக்காரன் ஒருத்தன், "நம்ம ஊருக்குப் பிளேன் ஆம்புலன்ஸா, அதுல ஏத்துற அளவுக்கு ஆயிருச்சுன்னா பாதி தூரம் மேலே போயாச்சுன்னுல்லா அர்த்தம், மிச்சத்தையும் அப்படியே போயிரலாம்"னான். சிரிச்சு வச்சேன். பயந்தாவ ஜனங்க. நோட்டீஸைக் கையில வாங்க மாட்டேன்னாவ, வீட்டுக்குள்ள கொண்டு போனா சகுனம் சரியில்லையாம். பிளேனுக்குப் பூசை போட்ட அன்னைக்கு டாக்டரோட அம்மா நாலு எலுமிச்சம்பழம் கொண்டு வந்தாவ, சக்கரத்துக்கு அடியில வைக்க. கேப்டன் ஓடி வந்து தடுத்துட்டாரு. ஓடுபாதைப் பக்கம் ஒரு கல்லு கெடந்தாலே ஆபத்தாம், இஞ்சின் இழுத்துருமாம், பழமாவது மண்ணாவது. அந்த அம்மா முகம் செத்துப் போச்சு. நான் சமாதானத்துக்கு அதை வாங்கி இசக்கிப்பாண்டி வண்டிச் சக்கரத்துக்கு வச்சேன், அவன் ஏத்தி நசுக்கினான். நான் வேதக்காரி, எனக்கு எலுமிச்சம்பழத்துல நம்பிக்கை கிடையாது. ஆனா இப்போ இந்தப் பிளேனைப் பார்க்கும்போது, நீ ஒரு பழம் கூட நசுக்கலையேன்னு தோணுது. அந்த அம்மாவுக்காகவாவது ஓரமா ஒண்ணு வச்சிருக்கலாம். நசுக்குன சத்தம் ஒண்ணு கேட்டிருக்கும், மனசுக்கு.

வடக்கத்திக்காரன் இப்போ கேக்கதையும் விட்டுட்டான். வெளிச்சம் மஞ்சளாயி, மஞ்சளும் மங்குது. காத்து உப்பா அடிக்குது, உதட்டை நக்கினா கரிக்குது. ஜெபமாலையைத் தேடினேன், பையில இல்லை, வீட்டு மேஜையில கெடக்கும். கர்த்தரே, அந்தப் பிள்ளை கேட்டிருக்கக் கூடாது. கேட்டிருந்தாலும் வண்டின்னு நினைச்சிருக்கணும். ஏன் நினைக்க மாட்டா, நான் வண்டியைத்தானே கேட்டேன், மனசுல வண்டியைத் தவிர ஒண்ணுமே இல்லையே. சத்தியமா இல்லை. வேகத்துல சொல்லு விழுந்துருச்சு, அவ்வளவுதான். யாருக்கும் விழும். அப்பத்தான் உறைச்சுது. கேட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன். மதினிக்கும் விழுந்திருக்கும். அவ வீட்டுக்குப் போயிட்டா, நாங்க கிளம்பினதை அவ பார்க்கலை. வண்டி எப்ப எடுக்கியன்னுதான் கேட்டிருப்பா. வண்டியை விட்டுட்டா. நான் விட்ட அதே சொல்லை அவளும் விட்டுட்டா. தம்பி நெஞ்சைப் பிடிச்சுக் கெடக்கான், வார்த்தையை அடுக்கியா பேசுவாவ. இவ்வளவு வருஷமா அந்தப் பொம்பளையைக் கோயில்ல நிக்க வச்சுக் கொன்னிருக்கேன். நீ மனுஷியான்னு கேட்டேனே. யாரைப் பார்த்து யாரு கேட்டது.

சைரன். இல்லை, லாரி ஹாரன். இல்லை, சைரன்தான், பாலத்துப் பக்கமிருந்து, விட்டு விட்டு. ரோட்டுல எத்தனையோ சைரன் போகும், எல்லாம் திருநெல்வேலிக்குப் போறது. இது போகலை. இது இங்க திரும்புது. இசக்கிப்பாண்டி கேட்டுக்கு வெளிய பிரேக் போட்டான், தலையை வெளிய நீட்டி, "இந்தா இந்த ரோட்டுப் புதுக்கோட்டைகிட்ட ஒரு கல்யாண ஊர்வலம் சிஸ்டர், வழி விட மாட்டேன்னுட்டான். பேசக் கூடாதுன்னியள்ல, அதான் பேசலை"ன்னான். செருப்பால அடிக்கணும் போலவும் இருந்துது, கட்டிப் பிடிச்சுக்கணும் போலவும் இருந்துது. பின் கதவைத் திறந்தேன். சேர்மதுரை கண்ணை முழிச்சுப் பார்த்தான். பார்த்தான், என்னைத்தான். பக்கத்துல ஜெயசுதா ஒரு கையால அவன் கையையும் ஒரு கையால மருந்து பாட்டிலையும் பிடிச்சுக்கிட்டு இருந்தா, நான் நினைச்சதை விடச் சின்னப் பொண்ணு. கால்மாட்டுல போர்வை விலகிக் கெடந்துது. பாதத்தைத் தொட்டேன். சூடு இருந்துது. நல்ல மனுஷச் சூடு. மூடி விட்டேன். "போன்ல பேசுன அக்கா நீங்கதானா"ன்னு ஜெயசுதா கேட்டா. ஆமாம்மான்னேன், அடுத்து என்ன வரப்போகுதோன்னு நின்னேன். "பேசிட்டு இருக்கும்போதே சார்ஜ் போயிருச்சுக்கா, நீங்க என்ன கேட்டியன்னே காதுல விழலை. என்னமும் முக்கியமாக்கா?" ஒண்ணுமில்லம்மா, எப்ப கிளம்புவியன்னு கேட்டேன்னு சொன்னேன்.

டாக்டர் ஓடி வந்தாரு. கேட்டைத் திறந்தாவ, ஸ்ட்ரெச்சரை இறக்கினோம், சக்கரம் தார்ல தடதடன்னு போச்சு, ரொம்ப மெதுவா தள்ளுங்கன்னு அவர் சொல்லிக்கிட்டே வந்தாரு. பிளேன் வாசல் சின்னது, ஆளைச் சாய்க்காம உள்ள தள்ளணும், இதுக்காகவே மணல் மூட்டையைக் கட்டிப் போட்டு எத்தனை நாள் பழகினோம். மூட்டை முனகாது. இவன் முனகினான். எனக்கு அந்த முனகல் கூட நல்லா இருந்துது. ஜெயசுதாவைப் படிக்கட்டுல ஏத்தும்போது அவ திரும்பி என் கையைப் பிடிச்சா. முதல் தடவை பிளேன்ல ஏறுதா, உள்ளங்கை வேர்த்திருந்துது. "எப்பக்கா எடுப்பாவ?"ன்னு கேட்டா. பிளேனைத்தான் கேட்டா. அந்தச் சொல்லு அவ வாயில ஒரு கெடுதியும் இல்லாம, பஸ்ஸை எப்ப எடுப்பாவன்னு கேக்க மாதிரி வந்துது. "இப்ப எடுத்துருவாங்கம்மா"ன்னேன். சொல்லிட்டேன். ஒண்ணும் ஆகலை. கதவு மூடினாவ. பிளேன் ஓடி, உடைமரத்துக்கு மேலே எந்திரிச்சு, கடலைப் பார்த்துத் திரும்பி, வடக்கே ஏறிப் போச்சு. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஒரு சின்ன வெளிச்சமாயிட்டுது. சென்னைல இறங்கினதும் டாக்டர் சேதி சொல்லுவாரு. அதுவரைக்கும் என்னால செய்யக்கூடியது ஒண்ணும் கிடையாது. இசக்கிப்பாண்டி டீ குடிக்கப் போனான். வடக்கத்திக்காரன் கேட்டைச் சாத்திக்கிட்டே என்னைப் பார்த்துச் சிரிச்சு, "வந்துச்சு"ன்னான். புதுசா ஒண்ணு படிச்சிருக்கான்.

நான் வண்டிப் படியில உக்காந்து மதினிக்குப் போன் போட்டேன். நம்பரை அழிக்காம வச்சிருந்தது எதுக்குன்னு எனக்கே தெரியலை. மணி அடிச்சுக்கிட்டே இருந்துது, பேச மாட்டான்னு நினைக்கும்போது, "யாரு, அமலியா?"ன்னு குரல் வந்துது. எத்தனை வயசாயிருச்சு அந்தக் குரலுக்கு. "மதினி"ன்னேன். "எங்கட்டி இருக்க? என்ன சத்தம் அது?" ஏர்போர்ட்ல இருக்கேன் மதினி, காத்து. இப்பத்தான் எடுத்தாவன்னு சொன்னேன். அங்கிட்டு டிவியை அணைச்சா. அப்புறம் மெதுவா, "யாரையட்டி?"ன்னு கேட்டா. எனக்குச் சிரிப்பு வந்துது, அழுகையும் வந்துது. ஆளை இல்ல மதினி, பிளேனை, பிளேனை எடுத்தாவ, ஆளு நல்லா இருக்கான், முழிச்சிருக்கான்னு கடகடன்னு சொன்னேன். அவளும் சிரிச்சா. "அதை முதல்ல சொல்லுட்டி, ஈரக்குலை நடுங்கிருச்சு"ன்னா. அந்தச் சிரிப்பு நிக்கதுக்குள்ள கேட்டுட்டேன், இல்லைன்னா கேக்கவே மாட்டேன். "மதினி, அன்னைக்கு எட்டயபுரத்துல வச்சு நீங்க போன்ல கேட்டியள்ல. வண்டியைத்தானே கேட்டிய. நான்தான் தப்பா எடுத்துக்கிட்டேன்."

மதினி இருமினா.

சின்ன இருமல். தூசி போன மாதிரி. "வண்டியைத்தான் தாயி கேட்டேன். வேற எதைக் கேக்கப் போறேன்"னா. கஸ்பார் பக்கத்துல உக்காந்து சிரிக்க மாதிரி இருந்துது எனக்கு. பச்சை சேர் ரெண்டு வரிசையும் அப்படியே கண்ணுக்கு முன்னால வந்துது. சேதி வந்து போட்ட சேர் இல்லை அது, அதுக்கு முன்னாலயே போட்டு வச்ச சேர். மதுரைக்குக் கொண்டு போயிப் பாருங்கன்னு டாக்டர் என்கிட்டச் சொன்னதும், அவிய வீட்டு ஆளுககிட்டத் தனியாச் சொன்னதும் வேற வேற போல. கிளம்பும்போதே எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. நான் நர்ஸு, எனக்குத் தெரியாம இருக்குமான்னு யாரும் சொல்லலை. பிளேன் இருந்திருந்தாலும் எட்டயபுரத்துக்கு மேலே எங்கயாவது, மேகத்துக்குள்ள வச்சு, அந்தக் கட்டைவிரல் சில்லுன்னு ஆயிருக்கும். இவ்வளவு வருஷமும் அதை மதினி தன் வாய்க்குள்ள வச்சுக்கிட்டு, நான் ஏசுனதை எல்லாம் வாங்கிக்கிட்டு, இடது பக்கம் உக்காந்திருக்கா. வடக்கே அந்த வெளிச்சம் இன்னும் தெரியுதான்னு பார்த்தேன், தெரியலை, இருட்டிருச்சு. "ஆமா மதினி, வண்டியைத்தான் கேட்டிய"ன்னு சொன்னேன்.